பதினான்காம் கேள்வி

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. இங்கே உடம்புக்கு யாருக்கும் ஒன்றும் இல்லை. சமையலறைக் குழாய் மூன்று மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்ததே, அதைப் போன வாரம் உன் அத்தானே கழற்றி மாட்டினார். இப்போது சொட்டவில்லை, தண்ணீரும் வரவில்லை. எனக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது. கிட்டப் பார்வைக்கு நன்றாக இருக்கிறது. உன் மகளுக்கு இருமல் நின்றதா? அங்கே குளிர் குறைந்ததா?

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். நீ கூப்பிட்டதும் உன் அத்தான் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, 'டாக்டரம்மா பேசுறாங்க, ஸ்பீக்கர்ல போடு' என்கிறார். நான் பேசினால் குறையாத டிவி அது. ஸ்பீக்கரில் பேசக்கூடிய விஷயம் இல்லை இது. இன்று ஞாயிறு மதியம். எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறார்கள். மூத்த மகனின் கைக்குழந்தையும் தூங்குகிறது. அது எழுந்திருப்பதற்குள் எழுதிவிட வேண்டும்.

உன் கட்டுரை எங்கள் கம்பெனி வரைக்கும் வந்துவிட்டது. எச்.ஆர். அதிகாரி அதைப் பத்திரிகையிலிருந்து வெட்டி, பிளாஸ்டிக் உறை போட்டு, வருகைப் பதிவு மிஷினுக்கு மேலே உள்ள பலகையில் குத்திவைத்திருக்கிறார். காலையில் மிஷினில் விரல் வைக்கும்போது உன் போட்டோ நேர் எதிரே இருக்கிறது. எழுநூறு பேர் உன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தைக்கப் போகிறோம்.

அதோடு விடவில்லை. புதன்கிழமை டீ இடைவேளையில் மைக்கில் வாசித்தார். பெண்கள் படித்தால் பிள்ளைகள் குறைவாகப் பிறக்கின்றன, பிறந்தவை நன்றாக வளர்கின்றன, பெண்கள் வேலைக்கு வருகிறார்கள், வீடும் வளர்கிறது நாடும் வளர்கிறது என்று நீ எழுதியதைத் திருத்தமாகவே வாசித்தார். பிறகு அந்த இடம் வந்தது. 'என் குடும்பத்திலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. என் மூத்த சகோதரி வறுமையால் ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினார். பதினெட்டு வயதில் திருமணம். நான்கு குழந்தைகள். முனைவர் பட்டம் வரை படித்த எனக்கு ஒரே மகள்.' இங்கே நிறுத்தி, 'அந்த மூத்த சகோதரி வேற யாருமில்ல, நம்ம நாலாம் லைன் செக்கர்தான்' என்று அவராகச் சேர்த்துக்கொண்டார். எல்லோரும் கைதட்டினார்கள். எதற்குத் தட்டினார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. நான் ஏழாவதோடு நின்றதற்கா, நாலு பெற்றதற்கா?

என் பக்கத்து மேஜைக்காரியை நாங்கள் ரேடியோ என்று கூப்பிடுவோம். வாய் மூடாது. 'அக்கா, பேப்பர்லயே வந்துட்டீங்க, இனிமே ஒரு பீஸ் பாஸ் பண்ணணும்னா உங்ககிட்ட அப்பாயின்ட்மென்ட் வாங்கணுமா?' என்றாள். சிரித்து முடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, 'உங்க தங்கச்சி உங்களைக் கேட்டுட்டா எழுதினாங்க?' என்றாள். கேட்டுத்தான் எழுதினாள் என்றேன். அது உண்மை. நீ கேட்டாய். நான்தான் உன்னிடம் பொய் சொன்னேன்.

செக்கர் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். சட்டையை மேஜையில் விரித்து, காலரிலிருந்து கீழ்மடிப்பு வரை கண்ணை ஓட்டி, தையல் விட்ட இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். உன் கட்டுரையில் ஓரிடத்தில் அந்த ஸ்டிக்கரை ஒட்ட வேண்டியிருக்கிறது. அந்தத் தையலை விட்டவள் நான்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஆராய்ச்சிக்கான கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு வந்தாயே, நினைவிருக்கிறதா? வெளியூர்ப் பெண்களிடம் கேட்பதற்கு முன்னால் யாரிடமாவது கேட்டுப் பழக வேண்டும் என்று என்னை உட்காரவைத்தாய். முன்னறைக் கட்டிலில் நீயும் நானும். அம்மா சுவரில் சாய்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பதின்மூன்று கேள்வி சிரித்துக்கொண்டே போயிற்று. பதினான்காவது, பள்ளியை ஏன் நிறுத்தினீர்கள் என்பது. ஐந்து பதில்களை நீயே வாசித்தாய். செலவு, பள்ளி தூரம், திருமணம், ஆர்வமின்மை, தேர்வில் தோல்வி. அம்மாவின் கத்தி நின்றது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். உன்னைப் பார்க்கவில்லை. நான் முதல் பதிலைப் போடச் சொன்னேன். நீ போட்டுக்கொண்டாய். அம்மா மறுபடி நறுக்க ஆரம்பித்தாள்.

செலவு ஒரு காரணமே இல்லை. எட்டாம் வகுப்புக்குப் பணம் கட்டியாகிவிட்டது. புத்தகங்களுக்கு நானே அட்டை போட்டு முடித்திருந்தேன். சீருடையைத் தைத்து வாங்கியாகிவிட்டது, இரண்டு வருடத்துக்கு வரட்டும் என்று உள்மடிப்பு நிறைய விட்டு. பள்ளி திறக்க எட்டு நாள் இருக்கும்போது நீ பிறந்தாய்.

அம்மாவுக்கு ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை. இரண்டு மாதம்தான் லீவு. அது முடிகிற வரை நானும் எட்டாம் வகுப்புக்குப் போய்வந்தேன். அப்பா லாரியில் போனால் திரும்ப இருபது நாள் ஆகும். லீவு முடிந்த மறுநாள் காலை அம்மா உன்னை என் மடியில் வைத்தாள். 'பாப்பா நடக்கிற வரைக்கும்தான்மா' என்றாள். எனக்குப் பன்னிரண்டு வயது. பத்து வயதுத் தம்பியும் எட்டு வயதுத் தம்பியும் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போனார்கள். அவர்கள் மடியில் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, பார்.

நீ பதினோரு மாதத்தில் நடந்தாய். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? தெருவெல்லாம் சொன்னேன். அப்புறம் அம்மா, விழாமல் நடக்கட்டும் என்றாள். அப்புறம் பால் மறக்கட்டும் என்றாள். அப்புறம் சொல்வதை நிறுத்திவிட்டாள், நானும் கேட்பதை நிறுத்திவிட்டேன். பள்ளி மணி நம் வீடு வரை கேட்கும். எந்த மணிக்கு எந்தப் பாடம் என்று எனக்குத் தெரியும். நீ ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது எனக்குப் பதினேழு முடியப்போகிறது. பதின்மூன்று வயதுப் பிள்ளைகளோடு போய் எட்டாம் வகுப்பில் உட்கார முடியுமா? அடுத்த வருடம் கல்யாணம்.

அம்மாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வேலையை விட்டிருந்தால் அவளுக்கு மறுபடி கிடைத்திருக்காது. அடுத்த வருடமே மடிப்பு மேஜைக்குத் தலைவி ஆனாள். அந்த வருடம்தான் வீட்டுக்குக் கட்டில் வந்தது, மின்விசிறி வந்தது. உன் கணக்குப்படி பார்த்தால் நம் வீடு வளர்ந்த வருடம் அது. பெண் வேலைக்குப் போனாள், வருமானம் ஏறியது, எல்லாம் சரி. குழந்தையை வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தவளுக்கு உன் தாளில் கட்டம் இல்லை. படிப்புக் குறைந்தால் பிள்ளை கூடும் என்று நீ எழுதுகிறாய். நம் வீட்டில் பிள்ளை கூடியது, அதனால் படிப்புக் குறைந்தது. எது முதலில் வந்தது என்று கேள்வித்தாள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இத்தனை வருடம் சொல்லாதவள் இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், என் கடைக்குட்டிக்காக.

அவள் பதினொன்றாம் வகுப்பு, உனக்குத் தெரியும். அறிவியல் எடுத்திருக்கிறாள். மருமகளுக்கு இரண்டாவது குழந்தை பிறந்து இரண்டரை மாதம் ஆகிறது. இருபதாம் தேதியோடு லீவு முடிகிறது. அவள் கை தொழில் தேர்ந்த கை, எங்கள் கம்பெனியில் காலர் வைப்பதில் அவளைப் போல நாலு பேர்தான் இருப்பார்கள். 'அத்தை, இருபத்தொண்ணு காலைல நான் உட்காரலைன்னா என் மிஷின்ல வேற ஆளு உட்கார்ந்திருப்பா' என்கிறாள். அதுவும் பொய் இல்லை. முதல் குழந்தையை அவள் அம்மா பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் இப்போது இல்லை.

போன ஞாயிறு சாப்பிடும்போது உன் அத்தான் தீர்ப்பைச் சொல்லிவிட்டார். 'சின்னவ ஒரு வருஷம் வீட்ல இருக்கட்டும். குழந்தை நடக்கிற வரைக்கும்தானே' என்றார். அதே வார்த்தை. அவருக்கு அந்தக் கதை தெரியாது, யாரும் சொன்னதில்லை. உங்க பையனுக்கு வேன் ஓட்டுறதுல ராத்திரி ஷிப்ட் இருக்கே, மாத்திக்கிட்டுப் பகல்ல பார்த்துக்கட்டுமே என்றேன். 'அவனா பால் குடுக்கப் போறான்?' என்று அப்பாவும் மகனும் சிரித்தார்கள். கடைக்குட்டி மட்டும் என்ன பால் கொடுக்கப் போகிறாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இதில் உன் கட்டுரையும் சேர்ந்துகொண்டது. அதை வீட்டில் பெருமையாக வாசித்தவளே கடைக்குட்டிதான். பெரியவன் அவளைச் சீண்டினான். 'சித்தி சொல்றபடி பார்த்தா படிக்காட்டி நாலு, படிச்சா ஒண்ணு. உன்னைப் பாதியில நிறுத்தினா ரெண்டரை.' அவள் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். ஆனால் உன் அத்தான் சிரிக்கவில்லை. 'டாக்டரம்மாவே எழுதிட்டாங்கல்ல, படிக்கப் படிக்கப் பிள்ளை குறையும்னு. ஒண்ணே ஒண்ணு, அதுவும் முப்பத்து மூணு வயசுல. இவளையும் அப்படி ஆக்கணுமா?' என்றார். நீ எதற்காக எழுதினாயோ அதற்கு நேர் எதிராக அவர் எடுத்துக்கொண்டார். காகிதம் ஒன்றுதான்.

கம்பெனியில் குழந்தைகள் காப்பகம் இருக்கிறதே என்று கேட்பாய். இருக்கிறது. பச்சை வண்ணம் அடித்த அறை, ஆறு தொட்டில், சுவரில் யானை படம். வெளிநாட்டிலிருந்து சட்டை வாங்குகிறவர்கள் ஆய்வுக்கு ஆள் அனுப்பும் நாளில் திறப்பார்கள். முந்தின நாள் சூப்பர்வைசர் வந்து, கைக்குழந்தை இருக்கிறவங்க நாளைக்குத் தூக்கிட்டு வாங்க என்பார். போட்டோ எடுத்த பிறகு பூட்டிவிடுவார்கள்.

இதை எழுதும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. உன் மகளைப் பார்த்துக்கொள்கிற பெண் தன் இரண்டு சின்னப் பிள்ளைகளையும் ஊரில் மூத்த மகளிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள் என்று சொன்னாய். அந்த மூத்த மகள் எத்தனாவது படிக்கிறாள் என்று நீ கேட்டதுண்டா?

கோபித்துக்கொள்ளாதே. நான் கேட்பது ஒன்றே ஒன்று. இருபதாம் தேதிக்குள் உன் அத்தானிடம் பேசு. பதினைந்து நாள் வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவோம் என்று பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். புள்ளிவிவரம் எதுவும் வேண்டாம். நீ பிறந்தபோது என்ன நடந்தது என்பதை மட்டும் உன் வாயால் சொல். நான் சொன்னால் அது புலம்பல், நீ சொன்னால் ஆராய்ச்சி. நான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாதே. குழந்தை எழுந்துவிட்டது.

உன் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கும்,
உன் அக்கா.

•

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். கடைக்குட்டி பள்ளிக்குப் போகிறாள். எப்படிப் போகிறாள் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும், அதனால் ஆரம்பத்திலிருந்து எழுதுகிறேன்.

நீ பேசிய வியாழக்கிழமை உன் அத்தான் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். போனில்தான் பேசப்போகிறாய், ஆனாலும் பனியனோடு இருக்க அவருக்கு மனம் வரவில்லை. ஸ்பீக்கரில் நாற்பது நிமிடம் பேசினாய். ஒரு பெண் ஒரு வருடம் கூடுதலாகப் படித்தால் சம்பளம் எவ்வளவு ஏறும், அவள் பிள்ளைகளின் எடை எவ்வளவு கூடும், எந்தெந்த நாடு எப்படி முன்னுக்கு வந்தது, எல்லாம் சொன்னாய். அவர் வரிக்கு வரி, 'கரெக்ட்மா, கரெக்ட்மா' என்றார். கடைசியில், 'நீங்க சொல்றது எல்லாம் நூத்துக்கு நூறு டாக்டரம்மா. அதான் ஒரே ஒரு வருஷம்தானே, ஓடிடும்' என்றார். நீ ஒரு நிமிடம் பேசவில்லை. நான் அடுப்படியில் நின்று காத்திருந்தேன். பிறகு, 'சரி அத்தான், யோசிச்சுப் பாருங்க' என்று வைத்துவிட்டாய்.

கடைக்குட்டி வாசல்படியருகே குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். நீ வைத்ததும் குழந்தையை என்னிடம் கொடுத்தாள். பள்ளிப் பையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்துக் கழுவினாள். துடைத்து, மேல் தட்டில் கவிழ்த்து வைத்தாள்.

தொண்டை அடைத்துவிட்டது, வார்த்தை வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். நம்புகிறேன். நாற்பது நிமிடம் அடைக்காத தொண்டை அந்த ஒரு நிமிடத்தில் அடைத்தது, அவ்வளவுதான். எனக்குத் தெரியாதே அக்கா என்று ஆறு பக்கத்தில் எட்டு இடத்தில் எழுதியிருக்கிறாய். உனக்கு எப்படித் தெரியும்? நீ தொட்டிலில் கிடந்தாய். அதைப் பற்றி எனக்கு உன்மேல் வருத்தமே இல்லை. ஆனால் தெரிந்த பிறகும் சொல்லவில்லையே, வருத்தம் அதில்தான். புத்தகமாக வரும்போது வறுமை என்பதை எடுத்துவிட்டுக் 'குடும்பச் சூழல்' என்று போடுவதாக எழுதியிருக்கிறாய். உன் இஷ்டம். அதுவும் ஒரு கட்டம்தான், அதற்குள்ளும் நான் இல்லை.

இருபத்தொன்று காலை மருமகள் மிஷினுக்குப் போனாள், கடைக்குட்டி வீட்டில் நின்றாள். மூன்று நாள் நான் எதையும் பார்க்காதவள் போல வேலைக்குப் போய் வந்தேன். நாலாம் நாள் சாயங்காலம் உள்ளே நுழையும்போது அவள் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். இயற்பியல் புத்தகத்தைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்துவைத்து ஒரு கண் அதில். குழந்தையை இடது தோளில் சாய்த்து, வலது கையை வேலைக்கு விட்டிருந்தாள். அப்படி வைத்துக்கொள்ள அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மூன்று நாளில் உடம்பு தானாகப் பழகிவிடுகிறது. அதைப் பார்த்த பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை குழந்தையை நானே தூக்கிக்கொண்டேன். கடைக்குட்டியிடம் சீருடையைப் போடச் சொன்னேன். 'அப்பா என்ன சொல்வாரும்மா?' என்றாள். அவர் சொல்றதை நான் கேட்டுக்கறேன், நீ பஸ்ஸைப் பிடி என்றேன். மருமகள் வழியெல்லாம், 'அத்தை வேணாம் அத்தை, ரெண்டு பேர் வேலையும் போயிடும் அத்தை' என்று பின்னாலேயே வந்தாள். கேட்டில் செக்யூரிட்டி, 'என்னம்மா, பேரனுக்கு இன்னைக்கு முதல் ஷிப்டா? விரல் வெக்கச் சொல்லுங்க' என்றார். நல்ல மனுஷர், உள்ளே விட்டுவிட்டார்.

எச்.ஆர். அதிகாரியிடம் காப்பகத்துச் சாவியைக் கேட்டேன். 'அது ஆடிட்டுக்கு மட்டும்தாங்க. அங்கே ஆளே போடலையே' என்றார். பக்குவமாகத்தான் பேசினார். ஆய்வுக்கு வருகிறவர்கள் தொழிலாளர்களில் சிலரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார்கள். பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவள், நிதானமாகப் பேசுகிறவள் என்று ஒவ்வொரு முறையும் என்னைத்தான் அனுப்புவார்கள். என்ன சொல்ல வேண்டும் என்று முந்தின நாளே சொல்லிக்கொடுப்பார்கள். காப்பகம் தினமும் திறந்திருக்கிறது, குழந்தைகள் வருகின்றன என்று நானும் ஒவ்வொரு முறையும் சொல்லியிருக்கிறேன். உன் பதினான்காம் கேள்விக்குச் சொன்ன மாதிரியேதான். அடுத்த ஆய்வுக்கு இரண்டு வாரம் இருந்தது. அவரிடம் சொன்னேன், 'வயசாகுது சார். சொல்லிக்குடுத்தது எல்லாம் மறந்து போகுது. இந்தத் தடவை நான் என்ன உளறுவேனோ தெரியல.'

அவர் குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உட்காருங்க என்றார். மேனேஜர் அறைக்குப் போய் ஒரு மணி நேரம் கழித்து வந்தார். காப்பகத்தைத் திறக்கலாம், ஆனால் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், புதிதாக ஆள் எடுக்க அனுமதி இல்லை, நீங்களே இருந்துவிடுங்கள் என்றார். 'நாலு பிள்ளை வளர்த்தவங்க. உங்களை விட்டா வேற யாரு?'

'அஞ்சு சார்' என்றேன்.

அவர் என் பைலைப் புரட்டினார். 'இங்க நாலுன்னுதானே இருக்கு. கட்டுரையிலயும் நாலுதானே?'

'அந்தக் கட்டுரையை எழுதினவளைத்தான் சார் முதல்ல வளர்த்தேன்.'

அவர் பைலை மூடினார். ஒரு தாளைத் தள்ளினார். சொந்த விருப்பத்தின் பேரில் வேலை மாறுகிறேன் என்று அச்சடித்திருந்தது. செக்கருக்குச் சிவப்புத் தொப்பி, ஹெல்பருக்குச் சாம்பல். அந்தச் சிவப்புத் தொப்பிக்கு நான் ஹெல்பராக ஏழு வருடம் நூல் வெட்டியிருக்கிறேன். காப்பகத்துக்கு ஹெல்பர் கிரேடுதான் உண்டாம். கையெழுத்துப் போட்டேன். கத்தரியையும் ஸ்டிக்கர் சுருளையும் ஸ்டோரில் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சாம்பல் தொப்பியை வாங்கிக்கொண்டேன். என் மேஜைக்கு இப்போது ரேடியோ வந்துவிட்டாள். 'உங்க இடத்துல உட்கார எனக்கு வெக்கமா இருக்குக்கா' என்று அழுதாள். அன்று முழுக்க அவள் பேசவே இல்லையாம், லைனில் சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் உன் அத்தானிடம் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். குழந்தைக்கும் ஆச்சு, மருமகளுக்கும் ஆச்சு என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, 'எல்லாம் சுமுகமா முடிஞ்சிடுச்சுல்ல' என்றார். எதிர்வீட்டுக்காரரிடம், டாக்டரம்மா ஒரு போன் போட்டாங்க, எல்லாம் நேராயிடுச்சு என்று சொல்லிக்கொண்டிருந்தது என் காதிலேயே விழுந்தது. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது அறையில் ஒன்பது குழந்தைகள். ஆறு தொட்டில்தான், மூன்று பாயில். பன்னிரண்டு வயதில் ஒன்று, நாற்பத்தெட்டு வயதில் ஒன்பது. இடுப்பு முன்னைப் போல் இல்லை. நீ எண்ணிக்கை வைத்துக்கொள்கிறவள் என்பதால் இதையும் எழுதுகிறேன். இந்த ஒன்பதில் நான்கு குழந்தைகளை இதுவரை வீட்டில் அவர்களுடைய அக்காக்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எட்டு வயது, பதினொன்று, பதின்மூன்று, பதினான்கு. அம்மாக்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டேன். மூன்று அக்காக்கள் பள்ளிக்குத் திரும்பிவிட்டார்கள். பதினான்கு வயதுக்காரி திரும்பவில்லை. ஒன்றரை வருடம் வீட்டில் இருந்துவிட்டாள், இனிமேல் எங்கே போகப்போகிறாள், ஒரு இடம் பார்த்திருக்கிறோம் என்றாள் அவள் அம்மா. அந்தக் குழந்தையைத்தான் காலையில் முதலில் தூக்கிக்கொள்கிறேன்.

ஆய்வுக்கு வந்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். இனி எச்.ஆர். அதிகாரி உனக்குக் கடிதம் எழுதுவார். காப்பகத்துக்கு முறையாக ஒரு திறப்பு விழா, நீ வந்து ரிப்பன் வெட்ட வேண்டும், அக்காவும் தங்கையும் சேர்ந்து நிற்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார். அதற்கு வராதே. விழா இல்லாத நாளில் வா. காலையில் வந்து சாயங்காலம் வரை என்னோடு அந்த அறையில் இரு. ஆளுக்கு இரண்டு குழந்தையாக வைத்துக்கொள்வோம். பேசவேண்டும் என்றுகூட இல்லை.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கடைக்குட்டி உனக்கு எழுதப்போகிறாள், அடுத்து என்ன படிக்கலாம் என்று கேட்க. உடனே பதில் போடு. படித்தால் எத்தனை பிள்ளை பெறுவாள், எவ்வளவு சம்பாதிப்பாள், நாட்டுக்கு என்ன ஆகும் என்பதையெல்லாம் அவளுக்கு எழுதாதே. அவள் அப்பா ஒரு பக்கம் அதையே கேட்கிறார், கம்பெனி பலகை ஒரு பக்கம் கேட்கிறது. என்னை யாரும் நாட்டை வளர்க்கச் சொல்லிப் பள்ளிக்கு அனுப்பவில்லை. எனக்குப் பிடித்திருந்தது, போனேன். வரைபடத்தில் ஆறுகளை நீலப் பென்சிலால் வரைந்து, கடலில் சேரும் இடத்தில் கொஞ்சம் அழுத்தித் தீட்டுவேன். அவ்வளவுதான் காரணம். அது போதும் என்று நினைக்கிற இரண்டு பேராவது அவளுக்கு இருக்கட்டும். ஒருத்தி நான். இன்னொருத்தியாக நீ இருந்துகொள்ளம்மா.

உன் மகள் நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, விருப்பம்போல் வளரட்டும்.

உன்னைத் தூக்கி வளர்த்த,
அக்கா.